குளம் தொட்ட நாங்கூரார்

பண்டை வணிகர் காற்றின் துணைகொண்டே கீழ்த்திசை நாடுகளுக்குக் கலம் செலுத்தினர். தென்மேற்குக் காற்று அவர்களைச் சீனத்திற் சேர்க்கும். வடகிழக்குக் காற்று எழுந்தாலன்றி அவர்கள் மீளுதல் இயலாது. ஆகவே, விற்பன விற்றுக் கொள்வன கொண்ட பின்னரும் அயலகத் துறைகளிற் பல திங்கள் காத்திருக்க நேர்ந்தது. சிலர் அங்கேயே தங்கிவிட்டனர். மொழி வேறு, உணவு வேறு, வணங்கும் தெய்வமும் வேறு. அத்தகைய இடத்தில் அவர்கள் எவ்வாறு மனம் பொருந்தி வாழ்ந்தனர்? அவர்கள் நாட்டிவைத்த கற்களே நமக்கு விடை கூற வேண்டும்.

தாய்லாந்தின் மேலைக் கடற்கரையில் தக்குவாபா என்றோர் ஊர் உண்டு. அங்கே கிடைத்த தமிழ்க் கல்வெட்டுக் கி.பி. 9-ஆம் நூற்றாண்டினது. சிதைந்த சில வரிகளே எஞ்சியுள்ளன. நாங்கூரைச் சேர்ந்த ஒருவர் அங்கே ஒரு குளம் தொட்டார். அதன் பெயர் அவனிநாரணம். மணிக்கிராமத்தார் என்னும் வணிகக் குழுவினர் முதலியோர் அதனைக் காத்தற்குரியர்: இவ்வளவே அவ்வரிகளால் விளங்குவது. அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்ம பல்லவனின் சிறப்புப்பெயர். நாங்கூரோ சீகாழியை அடுத்த சோணாட்டு ஊர். மழை மிகுந்த அந்நிலத்தில் குளம் எதற்கு என்று நீங்கள் வினவலாம். நம் நாட்டில் ஊரென ஒன்று தோன்றினால் குளமும் உடன் தோன்றும். குளமில்லாத இடத்தை ஊரென்று கொள்ள அந்த நாங்கூரார்க்கு மனம் ஒப்பவில்லை போலும்! வெட்டிய குளத்திற்குத் தம் நாட்டு மன்னன் பெயரையும் இட்டுக்கொண்டார்.

இன்று மியன்மா எனப்படும் பர்மாவில், பாகன் நகரிலும் 13-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று உண்டு. மலைமண்டலத்திலிருந்து வந்த ஒருவர், நானாதேசி விண்ணகர் என்னும் திருமால் கோயிலில் மண்டபம் எடுத்துக் கதவும் இட்டு, நின்றெரிய விளக்கும் வைத்தார் என்று அது கூறும்.

சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் நிகழ்ந்ததோ இவற்றினும் வியப்புடையது. 1281-ஆம் ஆண்டுச் சித்திரைத் திங்களில் சம்பந்தப் பெருமாள் என்பார் அங்கே சிவபெருமானை எழுந்தருளுவித்தார். அது யார் நலம் வேண்டி? தம் சுற்றத்தாருக்காக அன்று. அந்நாட்டை ஆண்ட வேந்தனின் உடல்நலம் வேண்டி! அவ்வேந்தன் குப்ளாய்க்கான் என்று அறிஞர் கொள்வர். அவனும் சீனத்திற்கு அயலானே, மங்கோலிய மரபினன். தமிழில் எழுதப்பெற்ற அக்கல்வெட்டின் கடைசி வரி சீன எழுத்தால் ஆயது. அயலார் நடுவே தமக்கென வேலியிட்டு வாழ்ந்தவராயின், அவ்வரியை ஏன் சேர்த்தார்? அண்டை வீட்டாரும் படித்தறிய வேண்டுமென்று அவர் விரும்பினார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அங்கே நம்மவர் எழுப்பிய கோயில் இன்றில்லை. அதன் கற்கள் பல இடங்களிற் சிதறின. கையுவான் என்னும் பௌத்தக் கோயிலார் தம் பெருமண்டபத்தின் பின்புறத்தே அத்தூண்கள் இரண்டினை நிறுத்தியுள்ளனர். அவற்றில் நரசிங்கரும் கண்ணனும் இன்றும் காட்சி தருகின்றனர்.