எத்தனை ஊர், எத்தனை வீடு?

இதுவரை எத்தனை இடத்தில் குடியிருந்தீர்கள் என்று கேட்டால், விரலை மடக்கத் தொடங்கும் பலரும் நாலாவது விரலில் நின்றுவிடுவார்கள். ஹாஸ்டலைச் சேர்ப்பதா, வேலை தேடிய காலத்தில் சித்தப்பா வீட்டில் ஒண்டியிருந்ததைச் சேர்ப்பதா என்ற சந்தேகம் அங்கேதான் வரும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதை எப்படி எண்ணுகிறது என்று பார்ப்போம். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், அவசரமில்லை.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பிறந்தது திருவையாறு. வளர்ந்தது கும்பகோணம். கல்லூரிக்குத் திருச்சி, வேலைக்குக் கோவை, கல்யாணமாகி மயிலாப்பூர். இப்போது பெரம்பூர். 2011 கணக்கெடுப்பு இவரிடம் கேட்டது பிறந்த ஊர், இதற்கு முன் கடைசியாக வசித்த ஊர், ஏன் வந்தார், வந்து எத்தனை வருஷம் என்பவற்றைத்தான். திருவையாறும் கோவையும் பதிவாகும். கும்பகோணமும் திருச்சியும் காணாமல் போகும். மயிலாப்பூரிலிருந்து பெரம்பூர் போனதோ இடப்பெயர்வே இல்லை. இரண்டும் ஒரே சென்னை. அதே குடும்பம் அன்று தாம்பரத்துக்குப் போயிருந்தால், அது தனி நகராட்சி என்பதால் கணக்கில் ஏறியிருக்கும்.

திருவையாற்றில் அவர் வாழ்ந்தாரா என்றால், இல்லை. அது அம்மாவின் பிறந்த வீடு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கத்தால், பிறந்த சில மாதத்திலேயே ‘இடம்பெயர்ந்தவர்’ ஆகிவிடும் குழந்தைகள் நம் நாட்டில் ஏராளம். அதனால்தான் இடம்பெயர்ந்த காரணங்களில் ‘பிறந்தபின் வந்தவர்’ என்றே ஒன்று தனியாக இருக்கிறது. 1971இல் கடைசியாக வசித்த ஊரையும் கேட்கத் தொடங்கினார்கள். வெளியூரில் பல வருஷம் இருந்துவிட்டுப் பிறந்த ஊருக்கே திரும்பியவர் அதன் பிறகுதான் கண்ணில் பட்டார். 2011இல் மொத்தம் இடம்பெயர்ந்தவர்கள் சுமார் 45 கோடி. பெரும்பாலோர் பெண்கள், முதல் காரணம் கல்யாணம். பிழைப்புத் தேடிப் போகும் ஆண்களைத்தான் நாம் இடம்பெயர்வு என்று பேசிக்கொண்டிருக்கிறோம்!

எவ்வளவு காலம் இருந்தால் ‘வசித்தது’ ஆகும்? 2007-08 தேசிய மாதிரி ஆய்வு வைத்த அளவு, தொடர்ந்து 6 மாதம். வேலைக்காக ஒரு மாதத்துக்குமேல் 6 மாதத்துக்குள் போய்வந்தால் குறுகியகாலப் பெயர்வு என்று தனியாக எழுதினார்கள். சில மாதம் செங்கல் சூளைக்குப் போய்த் திரும்புகிறவர்களின் வாழ்க்கை இந்த 6 மாதக் கோட்டின்மேல்தான் ஓடுகிறது.

அமெரிக்காவில் வீடு மாறியதையே கேட்கிறார்கள், ஒரே ஊருக்குள் மாறினாலும் சரி. ஒவ்வொரு வயதிலும் நூற்றுக்கு எத்தனை பேர் மாறுகிறார்கள் என்று பார்த்து, ஆயுள் முழுக்கக் கூட்டிச் சொல்வார்கள். 2007 விவரப்படி ஒருவர் வாழ்நாளில் சராசரியாக 11.7 முறை மாறலாம். நம்மிடம் இந்த எண்ணைப் போட வழியில்லை. வாடகை வீடு மாறிக்கொண்டே இருப்பவர்கள் பலர் உள்ள நாட்டுக்கு இது சின்னக் குறை இல்லை.

உங்கள் கணக்குக்கு என் யோசனை இதுதான். பால் காய்ச்சிக் குடியேறிய வீடுகளை ஒரு பக்கம் எழுதுங்கள். காய்ச்சாமலே 6 மாதம் தாண்டிய இடங்களை இன்னொரு பக்கம் போடுங்கள். சித்தப்பா வீடு அங்கே வந்துவிடும்.