நாற்பது வயதில் சட்டக் கல்லூரி: உடலுழைப்புத் தொழிலாளி அறிய வேண்டியவை

கட்டட வேலை, நூற்பாலை, சுமைப்பணி, கல்குவாரி போன்ற உடலுழைப்புப் பணிகளில் பத்து, இருபது ஆண்டுகளைச் செலவிட்ட பின் சட்டம் பயின்று வழக்கறிஞராக விரும்பும் ஒருவருக்கு முதலில் எழும் ஐயம் பெரும்பாலும் வயதைப் பற்றியதாகவே இருக்கிறது. வழக்கறிஞர் தொழிலை இந்தியா முழுவதற்கும் ஒழுங்குபடுத்தும் வழக்கறிஞர்கள் சட்டம், 1961 இந்த ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை. அதன் 24ஆம் பிரிவு, இந்தியக் குடிமகனாக இருப்பது, 21 வயது நிறைவடைந்திருப்பது, இந்திய பார் கவுன்சில் ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தைப் பெற்றிருப்பது ஆகியவற்றையே முதன்மைத் தகுதிகளாகச் சொல்கிறதே தவிர, வயதுக்கு மேல்வரம்பு எதையும் விதிக்கவில்லை. சட்டக் கல்வியின் தரத்தையும் வழக்கறிஞர்களின் ஒழுங்கையும் மேற்பார்வையிடுகிற அமைப்பு இந்திய பார் கவுன்சில் ஆகும்; வழக்கறிஞர்களின் பெயர்களைப் பதிவேட்டில் சேர்க்கும் பொறுப்பு அந்தந்த மாநில பார் கவுன்சிலுக்கு உரியது.

ஆயினும் வயதின் பெயரால் கதவைச் சாத்தும் முயற்சிகள் பலமுறை நடந்துள்ளன. 45 வயதைக் கடந்தவர்களைப் பதிவேட்டில் சேர்க்கக் கூடாது என்று இந்திய பார் கவுன்சில் ஒருமுறை விதி வகுத்தது. இளம் வயதில் பதிவு செய்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர் 45 வயதுக்குப் பின்னும் திரும்பி வந்து வழக்காட முடியும் என்ற நிலையில், அதே வயதில் புதிதாக வருபவரை மட்டும் விலக்குவது பாகுபாடு என்றும், அவ்வாறு விலக்கும் அதிகாரத்தை மூலச் சட்டம் பார் கவுன்சிலுக்குத் தரவில்லை என்றும் கூறி, 1995இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாததாக்கியது. பின்னர் 2008ஆம் ஆண்டின் சட்டக் கல்வி விதிகள், மூன்றாண்டுப் படிப்பில் சேர 30 வயதையும் ஐந்தாண்டுப் படிப்பில் சேர 20 வயதையும் பொது வரம்புகளாக வைத்தன. வழக்குகளுக்கு நடுவே சில ஆண்டுகள் கைவிடப்பட்டிருந்த இந்த வரம்பை 2016இல் பார் கவுன்சில் மீண்டும் கொண்டுவந்தபோது, 2017 மார்ச் மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. ஐம்பது வயதுக்காரர்களையும் இன்று சட்டக் கல்லூரி வகுப்பறைகளில் காண முடிவதற்கு இந்தத் தடையாணையே காரணம்.

வயதைக் காட்டிலும் கடினமான தடை, பள்ளிச் சான்றிதழ்களின் வரிசையில் இருக்கிறது. சட்டப் படிப்புக்கு இரண்டு வழிகள் உள்ளன: பிளஸ் 2 முடித்தவுடன் சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு ஒன்று, ஏதேனும் ஒரு பட்டம் பெற்றபின் சேரும் மூன்றாண்டு எல்.எல்.பி. மற்றொன்று. உடலுழைப்பிலிருந்து வருபவர்களுக்குப் பொதுவாகப் பொருந்துவது இரண்டாவதே. ஏனெனில், அடிப்படைப் பட்டத்தை வேலையை விடாமல் அஞ்சல்வழியில் படித்து முடிக்கலாம். அவ்வாறு பெற்ற பட்டத்தையும் 2008 விதிகள் வெளிப்படையாக ஏற்கின்றன. ஆனால் அதே விதியின் விளக்கக் குறிப்பு, உரிய அடிப்படைக் கல்வித் தகுதி இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழக முறையில் நேரடியாகப் பெற்ற பட்டம் சட்டப் படிப்பில் சேரப் போதாது என்று சொல்கிறது. அதாவது பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் என்ற வரிசை குலையக் கூடாது.

இந்தக் குறிப்பை அறியாமல் ஏமாற்றமடைபவர்களின் இழப்பு பெரியது. எட்டாம் வகுப்போடு சித்தாளாக வேலைக்குப் போன ஒருவர், பள்ளிப் படிப்பை நிறைவு செய்யாதவர்களுக்கென்று திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஆயத்தப் படிப்பின் வழியாகப் பி.ஏ. பட்டம் பெற்றிருக்கலாம்; பல ஆண்டுகளின் இரவுகளைச் செலவிட்டு அவர் பெற்ற அந்தப் பட்டம் சட்டக் கல்லூரியின் வாசலில் மதிப்பிழந்துவிடும். எனவே பள்ளியை இடையில் விட்டவர்கள், தமிழ்நாடு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் தேர்வுகளைத் தனித்தேர்வராக எழுதியோ, மேல் வயது வரம்பு இல்லாத தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வழியாகவோ பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் முடித்துவிட்டே பட்டப் படிப்புக்குச் செல்வது பாதுகாப்பானது. பத்தாம் வகுப்பிலிருந்து தொடங்குபவருக்கு எல்.எல்.பி. முடியும்வரை எட்டு முதல் பத்து ஆண்டுகள் ஆகக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் அரசுச் சட்டக் கல்லூரிகளுக்கு நுழைவுத் தேர்வு இல்லை. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம், மூன்றாண்டுப் படிப்புக்குப் பட்டப் படிப்பின் மதிப்பெண்களையும் இட ஒதுக்கீட்டையும் கொண்டு தரவரிசை தயாரிக்கிறது. பார் கவுன்சில் விதித்துள்ள குறைந்தபட்ச மதிப்பெண் பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 40 விழுக்காடு. இதைத் தாண்டினாலே இடம் உறுதி என்று ஆகிவிடாது. இரவில் படித்து ஐம்பது விழுக்காடு பெற்றவரும் பகல் கல்லூரியில் படித்து எண்பது விழுக்காடு பெற்றவரும் ஒரே பட்டியலில்தான் நிற்கிறார்கள். இடம் கிடைக்காத நிலையில், வகுப்புக்கே வராமல் பட்டம் தருவதாகச் சொல்லும் வெளிமாநிலத் தனியார் கல்லூரிகளின் முகவர்கள் அணுகுவது வழக்கம். லெட்டர்பேடு கல்லூரிகள் என்று நீதிமன்ற வட்டாரத்தில் இகழ்ந்து பேசப்படும் இவற்றில் பெறும் பட்டம், பதிவின்போது வருகைச் சான்று கேட்கப்பட்டால் உதவாது. உழைத்துச் சேர்த்த பணத்தை அங்கே கொண்டுபோய்க் கொட்டுவது பெருந்தவறு.

எல்லாவற்றிலும் பெரிய தடை நேரம். எல்.எல்.பி. பட்டத்தை அஞ்சல்வழியில் படிக்க முடியாது. வாரத்துக்குக் குறைந்தது 30 மணி நேர வகுப்பும், பருவத்துக்குக் குறைந்தது 15 வாரங்களும் நடத்தப்பட வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் 70 விழுக்காடு வருகை இருந்தாலே பருவத் தேர்வு எழுதலாம் என்பது விதி. வகுப்புகளை நடத்தும் நேரம் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் அமைய வேண்டும் என்று 2008 விதிகள் வரையறுத்தன. ஒரு காலத்தில் நாட்டின் பல நகரங்களில் அலுவலக எழுத்தர்களையும் ஆலைத் தொழிலாளர்களையும் வழக்கறிஞர்களாக்கிய மாலை நேரச் சட்டக் கல்லூரிகளுக்கு இந்த விதிகளில் இடமில்லை. அவற்றில் தரம் குறைந்திருந்தது என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கலாம். ஆனால் தரத்தைச் சீர்செய்வதற்குப் பதிலாக நேரத்தையே அகற்றியதன் விளைவு, பகலில் கூலி வேலை செய்தால்தான் இரவில் அடுப்பெரியும் என்ற நிலையில் இருப்பவர்கள் மீதே முழுமையாக விழுந்தது.

கணக்கிட்டுப் பார்த்தால் இந்தச் சுமையின் அளவு விளங்கும். வாரத்துக்கு ஆறு நாள், நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் வகுப்பு என்று கொண்டால், 70 விழுக்காடு என்பது ஏறத்தாழ நான்கேகால் நாளாகும். ஞாயிற்றுக்கிழமையோடு வேறு ஒன்றேமுக்கால் நாள் வேலைக்குப் போகலாம் என்று தோன்றினாலும், வருகை பாடவாரியாகக் கணக்கிடப்படுவதால் வாரந்தோறும் அதே நாளில் விடுப்பு எடுப்பவர் அந்த நாளுக்குரிய பாடத்தில் தேர்வெழுதும் உரிமையை இழக்க நேரிடும். ஆகவே விடுப்பை நாள் மாற்றி எடுக்க வேண்டும்; அதற்கு இசையும் மேஸ்திரியோ ஒப்பந்ததாரரோ வேண்டும். பருவ விடுமுறையில் முழு நேர வேலைக்குப் போகலாம் எனினும், அதிலும் ஒரு பகுதியை, மூன்றாண்டுகளில் 12 வாரங்கள் முடிக்க வேண்டிய களப்பயிற்சி எடுத்துக்கொள்ளும். இவற்றோடு, 2024 செப்டம்பரில் வந்த பார் கவுன்சில் சுற்றறிக்கை, மாணவர்கள் தாம் பார்க்கும் வேலையைத் தெரிவிக்க வேண்டும் என்றும், வேலையில் இருப்பவர்கள் தடையின்மைச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்றும் கூறியது. முத்திரையும் முகவரியும் கொண்ட ஒரு முதலாளியை மனத்தில் வைத்து எழுதப்பட்ட ஏற்பாடு இது. தினமும் காலையில் ஆள் எடுக்கும் முச்சந்தியில் நின்று வேலைக்குப் போகும் கொத்தனாருக்கோ சித்தாளுக்கோ தடையில்லை என்று எழுதித் தர யாரும் இல்லை.

இருக்கும் விதிகளுக்குள்ளேயே இதற்கு ஒரு தீர்வு உண்டு. காலை 8 மணி முதல் பகல் 1.30 மணி வரை, அரை மணி நேர இடைவேளையோடு, ஆறு நாள் வகுப்பு நடத்தினால் 30 மணி நேரம் நிறைவாகிவிடும். எந்த விதியையும் திருத்த வேண்டியதில்லை. காலை வேளைக்கென்று ஒரு பிரிவை அரசுக் கல்லூரிகள் தொடங்கினால், கோவை, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகளில் இரண்டாம் ஷிப்டில் வேலை செய்பவரும், கோயம்பேடு போன்ற சந்தைகளில் இரவிலும் விடியலிலும் சுமை இறக்குபவரும் கூலியை இழக்காமல் படிக்க முடியும். கட்டடத் தொழிலாளிக்கு இது பயன்படாது. அவருடைய வேலை பகலுக்கே உரியது.

அவருக்குத் தேவைப்படுவது பண உதவி. தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ், 1994இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் உட்படப் பல வாரியங்கள் இயங்குகின்றன. இந்தியாவின் பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியாக இவற்றைச் சொல்வது மிகையாகாது. ஆனால் இந்த வாரியங்களின் கல்வி உதவித்தொகை, பதிவு பெற்ற தொழிலாளியின் மகனுக்கும் மகளுக்கும் உரியது. தொழிலாளியின் குடும்பத்தில் படிக்கப் போகிறவர் அடுத்த தலைமுறையினரே என்ற எண்ணம் இத்திட்டத்தின் அடியில் இருக்கிறது. செங்கல் சுமக்கும் கையே நாளை மனு எழுதவும் கூடும் என்பதை அது கருதிப் பார்க்கவில்லை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான உயர்கல்வி உதவித்தொகை, ஆண்டுக் குடும்ப வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாதவர்களுக்குக் கிடைக்கிறது. அரசுக் கல்லூரிகளில் கட்டணம் குறைவாகையால், உண்மையான செலவு கட்டணத்தைவிட இழக்கும் கூலியிலேயே இருக்கிறது.

மொழியைப் பற்றிய அச்சம் ஓரளவுக்கே நியாயமானது. தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழைப் பயன்படுத்த ஆட்சிமொழிச் சட்டம் வழி செய்கிறது. சாட்சிகளும் தமிழிலேயே பேசுகிறார்கள். உயர் நீதிமன்றத்தில் மட்டும் அரசியலமைப்பின் 348ஆம் உறுப்பின்படி ஆங்கிலம் நீடிக்கிறது. அதை மாற்றக் கோரி 2006இல் தமிழகச் சட்டப்பேரவை நிறைவேற்றிய தீர்மானம் பயன் தரவில்லை. பாடநூல்களும் தீர்ப்புத் தொகுப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால் வாசிக்கும் அளவுக்கு ஆங்கிலம் தேவைதான். ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வராது என்பதற்காக ஒருவர் மாவட்ட நீதிமன்ற வாழ்வைக் கைவிட வேண்டியதில்லை. 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் சட்டங்கள் மூன்றும் விலகி புதியவை வந்துவிட்டதால், இன்றைய ஜூனியரும் முப்பது ஆண்டு அனுபவமுள்ள சீனியரும் பல பிரிவுகளைப் புதிதாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தாமதமாக வருபவருக்குச் சாதகமானது.

பட்டம் பெற்றபின் மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். முன்பு பல மாநிலங்களில் இதற்குப் பல ஆயிரம் ரூபாய் வாங்கப்பட்டது. சட்டத்தில் எழுதியுள்ள 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதியினரிடமும் பழங்குடியினரிடமும் 125 ரூபாய்க்கு மேல், பதிவுக் கட்டணம் பெறக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நலிந்த பிரிவினரின் நுழைவைப் பணத்தால் தடுப்பது சமத்துவத்துக்கு முரண் என்பது அத்தீர்ப்பின் உட்பொருள். வழக்காடுவதற்குப் பதிவோடு தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வு, தமிழிலும் எழுதக்கூடிய, நூறு கொள்குறி வினாக்களைக் கொண்ட, தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படாத தேர்வாகும்.

கடினமான முடிவு இந்தக் கட்டத்தில்தான் வருகிறது. பதிவு பெற்ற வழக்கறிஞர் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்றும், தாமே நேரடியாக வணிகம் நடத்தக் கூடாது என்றும் பார் கவுன்சில் விதிகள் சொல்வதால், ஆலையில் நிரந்தரப் பணியில் இருப்பவர் அதை விட்டுவிட்டே கோட்டும் கவுனும் அணிய வேண்டும். ஜூனியராகச் சேரும் முதல் சில ஆண்டுகளில் கையில் வருவது பெரும்பாலும் பயணச் செலவுக்கே போதும். இந்த நிலையைக் கண்டே, ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயைச் சென்னை, மதுரை, கோவை நகரங்களிலும், 15,000 ரூபாயைப் பிற இடங்களிலும் வழங்கச் செய்யுமாறு 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அறிவுறுத்தியது. வீட்டில் இன்னொருவர் சம்பாதிக்காத குடும்பம், மூன்று ஆண்டுப் படிப்போடு மேலும் இரண்டு மூன்று ஆண்டு வருமானக் குறைவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டே இம்முடிவை எடுக்க வேண்டும்.

இவ்வளவு இடர்களைத் தாண்டி வருபவரிடம் கல்லூரி கற்பிக்க முடியாத ஓர் அறிவு இருக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழாகக் கொடுத்து வாங்கும் வேலை, அரசியலமைப்பின் 23ஆம் உறுப்பு தடைசெய்த கட்டாய உழைப்பே என்று 1982இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஹரியாணாவின் ஃபரீதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களைப் பற்றிய வழக்கில், கட்டாய உழைப்பு நிறுவப்பட்டால் அது முன்பணத்தின் பேரில் நிகழும் கொத்தடிமை முறை என்றே அனுமானிக்கலாம் என்று 1983 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இத்தீர்ப்புகளை எந்த மாணவரும் மனப்பாடம் செய்யலாம். ஆனால் முன்பணம் எந்தத் துண்டுச் சீட்டில் எழுதப்படும், வருகைப் பதிவேட்டில் யாருடைய பெயர் விடுபடும், விபத்து நடந்த அன்று எந்தக் கங்காணி எதை மாற்றி எழுதுவார் என்பவற்றை, செங்கல் சூளையிலும் குவாரியிலும் நின்றவரே குறுக்கு விசாரணையில் சரியாகக் கேட்கத் தெரிந்தவர்.

இந்த அறிவைப் பயன்படுத்தப் பட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், தொழிலாளியின் சார்பில் அவருடைய தொழிற்சங்கப் பொறுப்பாளரே தொழிலாளர் நீதிமன்றத்தில் வாதாட இடமளித்தது. வழக்கறிஞர் வர வேண்டுமானால் எதிர்த்தரப்பின் இசைவும் நீதிமன்றத்தின் அனுமதியும் தேவை என்று வைத்திருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்பும் இதே ஏற்பாட்டைத் தொடர்கிறது. சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள், சட்டப் பட்டம் இல்லாதவர்களையும் சட்டத் தன்னார்வலர்களாகத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி அளித்து மக்களுக்கும் நீதிமன்றத்துக்கும் இடையில் பணியாற்றச் செய்கின்றன. அஞ்சல்வழியில் பி.ஏ. படித்துக்கொண்டிருக்கும் ஆண்டுகளிலேயே சங்கத்தின் வழக்குக் கட்டுகளைப் படிக்கவும், மாவட்டச் சட்டப் பணிகள் அலுவலகத்தில் மனு எழுதிப் பழகவும் ஒரு தொழிலாளி தொடங்கிவிட முடியும்.