உங்களுக்குத் தெரியுமா? ஆபரேஷன் தியேட்டரில் ஆசாரி வேலை!

பல் இம்ப்ளான்ட்டுக்காகத் தாடை எலும்பைத் துளைக்கும்போது விடாமல் சலைன் பீய்ச்சுவார்களே, ஏன்? எலும்பின் சூடு 47 டிகிரி செல்சியஸுக்கு ஏறி ஒரே ஒரு நிமிஷம் நின்றாலே எலும்பு கெட ஆரம்பித்துவிடும்!

இம்ப்ளான்ட்டில் இருக்கும் டைட்டானியம் எலும்போடு ஒன்றிப்போகும் என்பதே தேடாமல் கிடைத்த புதையல்! 1952-ல் ஸ்வீடன் டாக்டர் பிரோனெமார்க், ரத்த ஓட்டத்தைப் பார்க்க முயலின் காலெலும்பில் ஒரு டைட்டானியக் கருவியைப் பொருத்தினார். கழற்றப் போனால் வரவே இல்லை! 1965-ல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அவர் பொருத்திய டைட்டானியம், 40 வருஷத்துக்கும் மேல் ஆடாமல் நின்றது!

ஸ்டேப்ளரும் உண்டு! 1908, புடாபெஸ்ட். சர்ஜன் ஹுமெர் ஹ்யூட்லின் அறுவை ஸ்டேப்ளர். எடை சுமார் மூன்றரைக் கிலோ! பூட்டித் தயார் செய்யவே 2 மணி நேரம்!

இன்று? குடலிறக்க வலையை வயிற்றுச் சுவரில் பதிக்கும் டேக்கர் 5 மி.மீ. துவாரத்தில் நுழைந்துவிடும். அழுத்தினால் ஓர் ஆணி! சில வகை ஆணிகள் நாளடைவில் உடம்பிலேயே கரைந்தும் போகும்!

இடுப்பு மூட்டைப் பொருத்தும் எலும்புச் சிமென்ட்டைத் துப்பாக்கி வைத்துத்தான் உள்ளே செலுத்துகிறார்கள். சுமார் 10 நிமிஷத்தில் கல்! ஆனால் பாருங்கள், அது பசையே இல்லை! இடுக்கை நிரப்பி இறுக்கிப் பிடிக்கிறது, அவ்வளவுதான்!

இதய வால்வு தைப்பதுதான் என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடும்! வால்வு முதலில் இதயத்துக்குள் போவதே இல்லை. ஒரு கைப்பிடியின் நுனியில் அந்தரத்தில் நிற்கும். கீழே இதயத்திலிருந்து கிளம்பும் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட தையல்கள் ஒவ்வொன்றாக வால்வின் துணி விளிம்பில் ஏறும். ஒன்று பச்சை, அடுத்தது வெள்ளை, மறுபடி பச்சை! கலர் மாறாவிட்டால் எந்த நூலுக்கு எது ஜோடி என்று சர்ஜனுக்கே குழம்பிவிடும். எல்லாம் கோத்த பிறகு நூல் வழியே வால்வைச் சறுக்கி இறக்கி, முடிச்சுக்கு மேல் முடிச்சு! அதுவரை இதயம் துடிக்காது!

கண்புரை லென்ஸின் அகலம் 6 மி.மீ. கண்ணில் போடும் வெட்டோ 3 மி.மீ. கூட இல்லை! சுருட்டி இன்ஜெக்டரால் தள்ளினால் உள்ளே போய் விரிந்து, தானே கால் ஊன்றிக்கொள்ளும். தையல் பூஜ்யம்! நம்ம மதுரை ஆரோலேப் 1992-லிருந்து கண் லென்ஸ் தயாரிக்கிறது!

ஒயரே இல்லாத பேஸ்மேக்கர் ஒன்று இருக்கிறது. எடை சுமார் 2 கிராம்! தொடை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள் போய், 4 குட்டிக் கொக்கிகளால் தசையைக் கவ்விக்கொள்ளும். டாக்டர் சும்மா விடுவாரா? லேசாக இழுத்துப் பார்ப்பார். குறைந்தது 2 கொக்கி பிடித்திருந்தால்தான் பாஸ்!