நடக்கக் கற்ற இயந்திரங்கள்

பெரிய எண்களை நொடியில் பெருக்கும் ஆற்றலை நாம் பேரறிவு என்று போற்றுகிறோம். நடக்கும் ஆற்றலை யாரும் அவ்வாறு போற்றுவதில்லை. ஒரு வயதுக் குழந்தை நாற்காலியைப் பற்றி எழுந்து, இரண்டடி வைத்து, விழுந்து, மீண்டும் எழுந்து, சில மாதங்களில் வீடெங்கும் நடமாடத் தொடங்கிவிடுகிறது. ஆயினும் கணிப்பொறியைப் படைத்த மனிதனுக்கு, இரண்டு கால்களால் விழாமல் நடக்கும் இயந்திரத்தைப் படைப்பதற்குப் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன. பல்கலைக்கழகங்களிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் இம்முயற்சியில் ஈடுபட்டோர், இயந்திரத்தை நடக்க வைப்பதற்கு முன்பு, மனித நடை என்பது யாது என்பதையே முதலில் ஆராய வேண்டியதாயிற்று.

விழாமல் நிற்பது எவ்வாறு?

இதனை விளக்க வகுப்பறையில் ஓர் எளிய சோதனை செய்து காட்டலாம். ஒரு மாணவனைச் சுவருக்குப் பக்கவாட்டில் நிறுத்தி, வலது தோளும் வலது பாதத்தின் வெளிவிளிம்பும் சுவரோடு ஒட்டியிருக்குமாறு செய்க. பிறகு இடது காலைத் தூக்கிச் சிறிது நேரம் நிற்குமாறு கூறுக. எத்துணை முயன்றாலும் அவனால் இயலாது. ஒரு காலைத் தூக்குமுன் நாம் அறியாமலே உடலை மற்றக் காலின் பக்கம் சாய்த்து, ஈர்ப்பு மையத்தை அப்பாதத்திற்கு நேர் மேலே கொண்டுவருகிறோம். சுவர் அச்சாய்வைத் தடுத்துவிடுகிறது.

அசையாது நிற்கும் உடலுக்கு இவ்விதி போதும். நடக்கும் உடலுக்கோ இது போதாது. வேகம் கூடும்போதும் குறையும்போதும் எழும் விசைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பெல்கிரேடு நகரிலுள்ள மிஹைலோ பூபின் நிலையத்தைச் சேர்ந்த மியோமிர் வுகோப்ரடோவிச் 1968இல் இதற்கு வழி கண்டார். எடையும் இயக்க விசைகளும் ஒன்றுசேர்ந்து தரையில் எந்தப் புள்ளியின் வழியே செயற்படுகின்றன என்று அவர் கணக்கிட்டார். அப்புள்ளி பாதத்தின் பரப்புக்குள் இருக்கும்வரை பாதம் தரையில் நன்கு படிந்திருக்கும். அது விளிம்பை எட்டினால் பாதம் புரளத் தொடங்கும். கவிழ்க்கும் திருப்புவிசை சூனியமாகும் இப்புள்ளியை அடிப்படையாகக் கொண்டே பின்னர் வந்த பல இயந்திர மனிதர்கள் நடந்தனர். வுகோப்ரடோவிச்சின் நோக்கம் விளையாட்டுப் பொம்மை செய்வதன்று. கால்கள் செயலிழந்தோரை எழுந்து நடக்கச் செய்யும் இயந்திரச் சட்டங்களை அமைப்பதே அவர் மேற்கொண்டிருந்த பணியாகும்.

ஓர் அடிக்கு 45 வினாடி

ஜப்பானில் டோக்கியோ நகரத்து வசேதா பல்கலைக்கழகப் பேராசிரியர் இசிரோ கட்டோ இத்துறையின் மற்றொரு முன்னோடி. அவர் தலைமையில் உருவான ‘வாபாட்-1’ என்னும் இயந்திர மனிதன் 1973இல் நிறைவுற்றது. கைகளால் பொருளைப் பற்றவும், ஜப்பானிய மொழியில் சில சொற்களைப் பரிமாறவும், இரண்டு கால்களால் நடக்கவும் அது வல்லதாயிருந்தது. அதன் அறிவு ஒன்றரை வயதுக் குழந்தையின் அறிவுக்கு ஒப்பாகும் என்று அதனைப் படைத்தோர் மதிப்பிட்டனர். நடையிலோ அக்குழந்தைக்கு அது ஈடாகவில்லை. அதற்கு உதவிய கால்கள் ஓர் அடி எடுத்து வைக்க ஏறக்குறைய 45 வினாடிகள் பிடித்தன. ஒவ்வொரு கணமும் ஈர்ப்பு மையம் பாதத்திற்கு மேலேயே இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடே இத்தாமதத்திற்குக் காரணம். கட்டோ குழுவினர் இக்கட்டுப்பாட்டைப் படிப்படியாகத் தளர்த்தினர். 1980களின் நடுவில் அவர்களது மற்றொரு சாதனம் ஓரடியை 1.3 வினாடியில் வைத்தது.

விழுவதும் தடுப்பதும்

அமெரிக்காவில் மார்க் ரைபர்ட் இன்னும் துணிந்த வழியை மேற்கொண்டார். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1980இல் கால் இயக்க ஆய்வுக்கூடத்தைத் தொடங்கிய அவர், 1986இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற்குச் சென்றார். அவர் முதலில் செய்தது ஒரே கால் கொண்ட இயந்திரமாகும். அதனால் அசையாமல் நிற்கவே முடியாது. நொண்டியாட்டம் ஆடும் சிறுமியைப் போலத் தாவிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதை விழாமல் காப்பதற்கு ரைபர்ட் மூன்று விதிகளே வகுத்தார். தாவும் உயரத்தைக் காலின் உந்துதலால் நிலைப்படுத்துவது ஒன்று. கால் தரையில் உள்ளபோது இடுப்பு மூட்டைத் திருப்பி உடலை நிமிர்த்துவது இரண்டாவது. அடுத்த அடி எங்கே விழ வேண்டும் என்பதை வேகத்திற்கு ஏற்பத் தேர்வது மூன்றாவது. உள்ளங்கையில் துடைப்பத்தை நிறுத்தும் சிறுவன், அது சாயும் திசையில் கையை நகர்த்துகிறான் அல்லவா? ரைபர்ட்டின் இயந்திரமும் தான் சாயும் திசையில் காலை வைத்துத் தன்னைக் காத்துக்கொண்டது. நடை என்பது வீழ்ச்சியைத் தவிர்ப்பதன்று, ஒவ்வோர் அடியிலும் விழத் தொடங்கி அவ்வீழ்ச்சியைத் தடுப்பதே என்னும் உண்மை இதனால் தெளிவாயிற்று.

மோட்டார் இல்லா நடை

இவ்வுண்மையை அதன் எல்லைவரை கொண்டு சென்றவர் கனடா நாட்டின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாட் மக்கீர். விமானவியல் பயின்ற இவர், ரைட் சகோதரர்கள் எஞ்சின் பூட்டுமுன் எஞ்சின் இல்லா வானூர்தியில் மிதக்கப் பழகியதை நினைவுகூர்ந்தார். அவ்வாறே முதலில் மோட்டார் இல்லாமல் நடக்கும் கால்களை அமைத்தார். மென்சரிவில் விட்டால் தானே தத்தித் தத்தி இறங்கும் மரப்பொம்மைகள் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தன. 1990இல் மக்கீர் வெளியிட்ட கட்டுரை அவற்றின் தத்துவத்தைக் கணித வழியில் விளக்கியது. அவரது இயந்திரத்தில் மோட்டாரும் இல்லை, கணிப்பொறியும் இல்லை. கால்களின் நீளமும், எடைப் பங்கீடும், பாதத்தின் வளைவும் பொருத்தமாக அமைந்திருந்தமையால், கால்கள் ஊசல்களைப் போலத் தாமே வீசி நடந்தன. இழக்கும் சக்தியைப் புவியீர்ப்பே ஈடு செய்தது.

இதன் பயன் சக்திச் செலவில் தெரிந்தது. கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆண்டி ரூயினாவும் அவர் மாணவர் ஸ்டீவன் காலின்ஸும் சமதரையில் நடக்கும் ஓர் இயந்திரத்தை இத்தத்துவத்தில் அமைத்தனர். கணுக்காலில் சிறிய உந்துதல் மட்டுமே அதற்கு அளிக்கப்பட்டது. அதன் எடைக்கும் நடந்த தூரத்திற்கும் ஏற்பக் கணக்கிட்டால், அதன் சக்திச் செலவு மனிதனுடையதற்குச் சமமாக இருந்தது. 2005இல் வெளிவந்த அவர்களது கட்டுரை, ஒவ்வொரு மூட்டையும் மோட்டாரால் அடக்கியாளும் ‘அசிமோ’ போன்ற ரோபாட்டிற்குக் குறைந்தது பத்து மடங்கு சக்தி தேவை என மதிப்பிட்டது. 2011 மே மாதம் ரூயினா குழுவினரின் ‘ரேஞ்சர்’, உள்ளரங்க ஓட்டப் பாதையில் ஒரே மின்கல ஊட்டத்தில் 65.2 கிலோமீட்டர் நடந்தது. அதற்கு ஏறத்தாழ 31 மணி நேரம் பிடித்தது. வழியைத் திருப்ப மட்டும் மனிதர் தொலைவிலிருந்து துணை செய்தனர்.

மனிதனுக்கே திரும்பிய அறிவு

இயந்திரத்தைக் கொண்டு கற்ற பாடம் இப்போது மனிதக் கால்களுக்குப் பயன்படுகிறது. முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர், சாதாரணப் பொய்க்கால் பூண்டால் மற்றவரினும் விரைவில் களைத்துவிடுவார். தரையை உந்தித் தள்ளும் கணுக்கால் அவருக்கு இல்லாமையே இதற்கு ஒரு முக்கிய காரணம். 1982இல் மலையேற்றத்தின்போது கடுங்குளிரால் தம் இரு கால்களையும் இழந்த ஹியூ ஹெர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ச்சியாளராகி, தானே உந்தும் கணுக்காலை உருவாக்கினார். அதனைப் பூண்டு நடந்தோரின் சக்திச் செலவு, கால் இழக்காதோரின் செலவை ஒத்திருந்ததென 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

ஸ்டீவன் காலின்ஸோ மோட்டாரையும் விலக்கிவிட்டார். அவரும் துணைவர்களும் 2015இல் அறிவித்த சாதனத்தில் உள்ளவை ஒரு சுருள்வில்லும் அதனைப் பற்றி விடுவிக்கும் ஒரு கிளட்சுமே. கெண்டைக்கால் தசையின் வேலையில் ஒரு பகுதியை அது ஏற்றுக்கொள்ளவே, உடல்நலம் உடையோர் நடையில் செலவிடும் சக்தி ஏறத்தாழ 7 சதவீதம் குறைந்தது. வில் மிகக் கடினமாயினும் மிக மென்மையாயினும் இப்பயன் கிட்டவில்லை.

நூற்றில் ஏழு பங்கு என்பது சிறிதாகத் தோன்றலாம். அடுத்த அடியை எடுத்து வைக்கத் தயங்கி நிற்பவருக்கு அது சிறிதன்று. இயற்கையின் போக்கோடு போராடாமல், வேண்டிய கணத்தில் வேண்டிய அளவே உந்த வேண்டும் என்பதே இவ்வறிஞர்கள் கண்ட முடிவு. விழுந்து எழும் ஒரு வயதுக் குழந்தை இதனை எவரும் கற்பிக்காமலே கற்றுக்கொள்கிறது.