பார்த்தது நீங்கள்... சொல்ல வைப்பது யார்?

கோரிப்பாளையம் சந்திப்பில் நிற்கிறீர்கள். ஏ.வி. பாலம் பக்கமிருந்து வந்த பஸ்ஸும் ஒரு ஸ்கூட்டரும் மோதிக்கொள்கின்றன. எல்லாம் கண்ணிமைக்கிற நேரம்தான்! அடிபட்டவரைப் பக்கத்திலிருக்கும் ராஜாஜி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். உங்களைச் சுற்றி ஒரு கூட்டம் கூடிவிடுகிறது. 'பஸ்காரன் கண்ணுமண்ணு தெரியாம வந்தானா சார்?' என்கிறார் ஒருவர். 'செல்போன் பேசிக்கிட்டே ஓட்டினானாமே?' என்கிறார் இன்னொருவர்.

இந்தக் கேள்விகள்தான் ஆபத்து!

ஞாபகம் என்பது போட்டோ ஆல்பம் இல்லை. ஒவ்வொரு முறை நினைத்துப் பார்க்கும்போதும் மூளை அதைப் புதிதாக அடுக்குகிறது. அப்போது காதில் விழுந்ததும் கண்ணால் பார்த்ததோடு கலந்துவிடும்.

1974-ல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் என்ற இரு அமெரிக்க மனஇயல் ஆராய்ச்சியாளர்கள் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படம் காட்டினார்கள். 50 பேரிடம், 'கார்கள் இடித்துக்கொண்டபோது என்ன வேகம்?' என்று கேட்டார்கள். வேறு 50 பேரிடம், 'மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?' என்று ஒரு வார்த்தையை மாற்றினார்கள். ஒரு வாரம் கழித்து, 'உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?' என்று கேட்டபோது, 'இடித்த' கோஷ்டியில் 7 பேர் 'ஆமாம்' என்றார்கள். 'நொறுங்கிய' கோஷ்டியில் 16 பேர்! படத்தில் கண்ணாடி உடையவே இல்லை என்பதுதான் வேடிக்கை.

அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மை என்று நம்பியே சொன்னார்கள்.

இதன் விலை என்ன தெரியுமா? அமெரிக்காவில் ரொனால்டு காட்டன் என்பவரை, பாதிக்கப்பட்ட பெண்ணே 'இவர்தான்' என்று உறுதியாக அடையாளம் காட்டினார். 1985-ல் தண்டனை. 1995-ல் டி.என்.ஏ. சோதனை, அவர் நிரபராதி என்று காட்டியது. போன வருஷங்கள் போனதுதான்!

விடையை உள்ளே வைத்துக் கேட்கும் கேள்வியின் ஆபத்தை நம் 1872-ம் வருட சாட்சியச் சட்டமே உணர்ந்திருந்தது. தன் தரப்பு சாட்சியிடம் வக்கீல் அப்படிக் கேட்டால், எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கலாம். 2024 ஜூலை முதல் அமலிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த விதி இருக்கிறது. ஆனால் டீக்கடையிலும், வீட்டு வாசலிலும் ஆட்சேபிக்க யார் இருக்கிறார்கள்? நீங்கள்தான் உஷாராக இருக்கணும்.

* வீட்டுக்கு வந்ததும், பார்த்ததை மட்டும் எழுதி வையுங்க. நேரம், நின்ற இடம், வெளிச்சம் எல்லாம் வேணும்.

* எழுதி முடிக்கும் வரை மற்ற சாட்சிகளோடு பேச வேண்டாம். வாட்ஸ்அப் வீடியோவும் பார்க்க வேண்டாம்.

* கவனிக்காததைக் கேட்டால், 'கவனிக்கலை' என்று சொல்லத் தயங்காதீங்க. அது கௌரவக் குறைச்சல் இல்லை.

* சம்பவத்தைப் பார்த்தது உங்கள் குழந்தையா? 'அந்த மாமா தள்ளி விட்டாரா?' என்று கேட்காதீங்க. 'என்ன நடந்துச்சு கண்ணு?' என்று கேட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் கேளுங்க. திரும்பத் திரும்பத் துருவினால், நமக்குப் பிடித்த பதிலைக் குழந்தை சொல்ல ஆரம்பித்துவிடும்.

பொய் சாட்சி பாவம் என்று நமக்குத் தெரியும். பொய்யே சொல்லாமலும் ஒரு நிரபராதியை ஜெயிலுக்கு அனுப்பிவிட முடியும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்வோமே!