பருவத்தின் நடுவே வரும் அழைப்பு

பதினெட்டு வயதுப் பையன் ஒருவனைப் பார்த்து, "இவன் தேறுவான்; இவன் தேறமாட்டான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியுமா? பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு இது அன்றாடக் கேள்வி. மூன்றாம் ஆண்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளை, ஐந்தாம் ஆண்டில் வகுப்பிலேயே முதலாவதாக நிற்பதுண்டு. முதலில் முந்திக்கொண்ட பிள்ளை பிறகு பின்தங்குவதும் உண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காலம் இருக்கிறது.

ஆஸ்திரேலிய விளையாட்டு உலகில் இதே கேள்வி ஆண்டுதோறும் மே மாதக் கடைசியில் எழுகிறது. ஆட்டப் பருவம் பாதி நடந்துகொண்டிருக்கும்போதே, சிறிய குழுக்களில் ஆடும் இளைஞர்களைப் பெரிய குழுக்கள் அழைத்துக்கொள்ளலாமா? அப்படி அழைப்பது இளைஞனுக்கு நன்மையா, தீமையா? அவன் விட்டுவிட்டு வரும் சொந்தக் குழுவின் கதி என்ன? நம் குடும்பங்களிலும் பலருடைய பிள்ளைகள் பெர்த்திலும் மெல்பர்னிலும் படிக்கிறார்கள். அந்நாட்டு மக்கள் உயிராக மதிக்கும் இவ்விளையாட்டைப் பற்றி நாமும் சற்றுத் தெரிந்துகொள்வோமே!

இது என்ன ஆட்டம்?

நம் பள்ளித் திடலில் ஆடும் காற்பந்து வேறு. ஆஸ்திரேலியக் காற்பந்து வேறு. அதன் விதிகள் 1859ஆம் ஆண்டில் மெல்பர்ன் நகரில் எழுதப்பட்டவை. திடல் முட்டை வடிவம். பந்தும் முட்டை வடிவம். ஒரு பக்கத்துக்குப் 18 பேர். பந்தைக் காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், முட்டியால் குத்தி அனுப்பலாம். ஆனால் எறியக் கூடாது. திடலின் இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரு கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்தால் ஆறு புள்ளி. பக்கத்துக் கம்பங்களுக்கிடையே போனால் ஒரே புள்ளி. உயரமும் வேகமும் உடல் வலுவும் வேண்டிய ஆட்டம் இது.

இந்த ஆட்டத்தின் தலைமைப் போட்டி ஏ.எஃப்.எல். எனப்படும் ஆஸ்திரேலியக் காற்பந்து லீக். 1897இல் விக்டோரியா மாநிலப் போட்டியாகத் தொடங்கி, 1990இல் இப்பெயரைப் பெற்றது. இன்று 18 குழுக்கள் அதில் ஆடுகின்றன. அதற்கு அடுத்த படியில் மேற்கு ஆஸ்திரேலியா, தெற்கு ஆஸ்திரேலியா, விக்டோரியா ஆகிய மாநிலங்களின் போட்டிகள் நடக்கின்றன. அவற்றில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டே மாலையில் பயிற்சிக்கு வருபவர்கள்.

ஆளெடுக்கும் முறை

பணக்காரக் குழு ஒன்றே நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் வாரிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக, 1986ஆம் ஆண்டிலிருந்து அங்கே ஒரு முறை இருக்கிறது. அதை 'டிராஃப்ட்' என்கிறார்கள். நாம் வரிசைத் தேர்வு என்று சொல்லலாம். ஆண்டு இறுதியில் நடக்கும் இத்தேர்வில், பட்டியலில் கடைசியாக வந்த குழுவுக்கே முதலில் ஆளெடுக்கும் உரிமை. வென்ற குழு வரிசையில் பின்னால் நிற்க வேண்டும். நியாயமான ஏற்பாடுதான். ஆனால் எந்தக் குழு தன்னை அழைக்கும், எந்த ஊருக்குப் போகப் போகிறோம் என்பது அன்றைய தினம் வரை அந்த இளைஞனுக்குத் தெரியாது.

பெரும்பாலோர் பதினெட்டு வயதில், பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில், இத்தேர்வுக்கு நிற்கிறார்கள். சிலருடைய பெயர் வாசிக்கப்படும். பலருடைய பெயர் வாசிக்கப்படாது.

அப்படி விடுபட்டவர்களுக்கான இரண்டாவது வாசல்தான் நடுப்பருவத் தேர்வு. மார்ச் மாதம் தொடங்கும் பருவத்தில் ஏறக்குறையப் பத்துச் சுற்றுகள் முடிந்திருக்கும். ஒரு குழுவில் யாருக்காவது முழங்கால் முறிந்து அந்த ஆண்டு முழுவதும் ஆட முடியாது போயிருக்கும். வேறொருவர் ஓய்வு பெற்றிருப்பார். அந்தக் காலி இடத்தை நிரப்பிக்கொள்ள இத்தேர்வு வழி செய்கிறது.

இது முற்றிலும் புதியதன்று. 1990 முதல் 1993 வரை நான்கு ஆண்டுகள் நடந்து, பின்பு கைவிடப்பட்டது. கால் நூற்றாண்டு கழித்து, 2019இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. கொரோனா நோய்த்தொற்றால் 2020இல் நடக்கவில்லை. 2021 முதல் மறுபடியும் நடத்தப்படுகிறது.

கதவு திறந்ததால் வந்தவர்கள்

இம்முறையை ஆதரிப்பவர்கள் முதலில் சொல்லும் பெயர் மார்லியன் பிக்கெட். மேற்கு ஆஸ்திரேலியாவின் நூங்கார் பூர்வகுடியைச் சேர்ந்தவர். சவுத் ஃப்ரீமாண்டில் குழுவில் ஆடிக்கொண்டிருந்தார். 2019இல் மெல்பர்னின் ரிச்மண்ட் குழு அவரை நடுப்பருவத் தேர்வில் எடுத்தபோது அவருக்கு 27 வயது. நான்கு பிள்ளைகளுக்குத் தந்தை. ஆண்டு இறுதித் தேர்வுகளில் யாரும் எடுக்காமல் விட்டவர் அவர்.

ரிச்மண்ட் குழு அவரை உடனே பெரிய ஆட்டத்தில் இறக்கவில்லை. இரண்டாம் படிக் குழுவில் ஆடவிட்டது. அக்குழு மாநிலப் போட்டியின் இறுதியாட்டத்தில் வென்றபோது, ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான பதக்கம் அவர் கழுத்தில் விழுந்தது. அடுத்த வாரமே, 2019 செப்டம்பர் 28இல், மெல்பர்ன் கிரிக்கெட் திடலில் ஒரு இலட்சம் பேர் முன்னிலையில் ஏ.எஃப்.எல். இறுதியாட்டத்தில் களமிறங்கினார். அதுதான் அப்போட்டியில் அவருடைய முதல் ஆட்டம்! முதல் ஆட்டமே இறுதியாட்டமாக அமைவது 1952க்குப் பிறகு யாருக்கும் வாய்த்ததில்லை. அன்று அவர் ஒரு கோலும் அடித்தார். ரிச்மண்ட் 89 புள்ளி வித்தியாசத்தில் வென்றது.

இளையவர்களில் ஜெய் நியூகோம்பைச் சொல்லலாம். விக்டோரியாவின் கிப்ஸ்லாந்து வட்டாரத்தில் பால் பண்ணைக் குடும்பத்தில் வளர்ந்தவர். பதினெட்டு வயதில் எந்தக் குழுவும் அவரை விரும்பவில்லை. 2021இல், 19 வயதில், ஹாவ்தோர்ன் குழு நடுப்பருவத்தில் அழைத்தது. தம் முதல் ஆட்டத்திலேயே எதிரணியினரை 14 முறை மடக்கிப் பிடித்தார். அதன்பின் அக்குழுவின் நடுக்களத் தூண்களில் ஒருவராகவே ஆகிவிட்டார். அதே ஆண்டில் எஸன்டன் குழு எடுத்த சாம் டர்ஹாம், 2019இல் காலிங்வுட் எடுத்த ஜான் நோபல் ஆகியோரும் இப்படி வந்து நிலைத்தவர்களே.

இவர்களைப் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. பதினெட்டு வயதில் உடல் முழு வளர்ச்சி அடைந்துவிடுவதில்லை. உயரமானவர்களுக்கு இன்னும் கூடுதல் காலம் பிடிக்கும். தோட்டத்து மக்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கன்று நட்டு ஆறேழு ஆண்டுகள் காத்திருந்து, மரம் போதிய பருமன் ஏறிய பிறகுதானே பால் வெட்டக் கத்தி வைக்கிறோம்? ஒரே நாளில் நட்ட மரங்களெல்லாம் ஒரே நாளில் வெட்டுக்கு வருவதில்லை. பிந்திப் பருத்த மரம் பால் கொடுக்காத மரம் என்று யாரும் சொல்வதுமில்லை.

மறுபக்கம்

நாணயத்துக்கு மறுபக்கமும் இருக்கிறது. 2021 நடுப்பருவத் தேர்வில் அத்தனை பேருக்கும் முன்னதாக, முதல் ஆளாக, நார்த் மெல்பர்ன் குழுவால் எடுக்கப்பட்ட இளைஞர், ஏ.எஃப்.எல். போட்டியில் ஓர் ஆட்டங்கூட ஆடாமலே 2022 முடிவில் விடுவிக்கப்பட்டார். 2022இல் முதல் ஆளாக வெஸ்ட் கோஸ்ட் குழுவுக்குப் போன ஜெய் கல்லி, மறு ஆண்டே முழங்காலில் பெரும் காயம் பட்டார். பின்னர் அக்குழு அவரை விடுவித்தது. முதல் இடத்தில் பெயர் வாசிக்கப்பட்டது இவர்களுக்கு எந்த உறுதியையும் தரவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒப்பந்தக் காலம். சிலருக்கு அடுத்த பருவத்தையும் சேர்த்துப் பதினெட்டு மாதம் கிடைக்கிறது. சிலருக்குப் பருவம் முடியும்வரை, ஆறு மாதம் மட்டுமே. ஆறு மாதத்தில் ஓர் இளைஞன் என்னதான் செய்வான்? புதிய ஊர், புதிய பயிற்றுநர், புதிய ஆட்டமுறை. மற்றவர்கள் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து உடலைப் பக்குவப்படுத்தி வைத்திருக்கும்போது, இவன் வேலைக்குப் போய்க்கொண்டே மாலைப் பயிற்சி செய்தவன். பெர்த்திலிருந்து மெல்பர்னுக்கு ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஹாங்காங் போவதைவிட அது தூரம். வேலையை விட்டு, தொழிற்பயிற்சியைப் பாதியில் நிறுத்தி, பெற்றோரைப் பிரிந்து அத்தனை தூரம் போனவன், செப்டம்பர் கழிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்ப நேர்ந்தால் அவன் மனம் என்ன பாடுபடும்?

வருடத்தின் நடுவில் பள்ளி மாறி வரும் பிள்ளையை நாங்கள் பார்ப்பதுண்டு. பாடத்தில் கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனிடம் பேசவே சில வாரங்கள் ஆகும். அந்தச் சில வாரங்களுக்குள் சோதனை வைத்து மதிப்பெண் போட்டால், அது பிள்ளையின் திறமைக்கான மதிப்பெண் ஆகாது.

பின்னால் விடப்பட்டவர்கள்

இன்னொரு தரப்பைப் பற்றி அதிகம் பேச்சில்லை. அதுதான் இளைஞனை வளர்த்துவிட்ட சிறிய குழு. பருவத் தொடக்கத்தில் அவனை நம்பித்தான் அணி அமைத்திருப்பார்கள். பாதியில் அவன் போய்விட்டால் அவனுக்கு ஈடாக யாரைத் தேடுவது? பெரிய குழு தன் ஓட்டையை அடைக்க, சிறிய குழுவில் ஓட்டை விழுகிறது.

பிக்கெட் மெல்பர்னில் கிண்ணம் ஏந்திய அதே 2019இல், அவரை அனுப்பிவைத்த சவுத் ஃப்ரீமாண்டில் குழு மேற்கு ஆஸ்திரேலிய இறுதியாட்டம் வரை வந்து, சுபியாக்கோ குழுவிடம் தோற்றது. அவர் இருந்திருந்தால் வென்றிருக்குமா என்பதை யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அக்குழுவின் ஆதரவாளர்கள் அதை நினைத்துப் பார்த்திருக்கமாட்டார்கள் என்று சொல்லவும் முடியாது.

அதற்காக, "போகாதே" என்று ஓர் இளைஞனைத் தடுக்கலாமா? அது பாவம். நல்ல குழு என்பது நல்ல பள்ளிக்கூடம் போன்றது. பிள்ளை மேலே போவதற்குத்தான் அது இருக்கிறது. ஆனால் மேலே இருப்பவர்கள் கீழே வளர்த்தவர்களை மறந்துவிட்டால், நாளை வளர்த்துத் தர ஆளிருக்காது.

சீர்தூக்கிப் பார்த்தால்

இருபக்கமும் பார்த்த பிறகு என் கருத்து இது: நடுப்பருவ வாசல் திறந்திருக்கட்டும். பதினெட்டு வயதில் போட்ட தீர்ப்பே இறுதித் தீர்ப்பு என்றிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். குறை, பருவத்தின் நடுவில் அழைப்பதில் இல்லை. அழைத்துவிட்டுப் போதிய காலம் கொடுக்காததில்தான் இருக்கிறது. 27 வயதுக்காரர் ஆறு மாத ஒப்பந்தத்தைத் தம் பொறுப்பில் ஏற்கலாம். அவருக்கு உலகம் தெரியும். இருபது வயது நிரம்பாதவனுக்குப் பதினெட்டு மாதத்துக்குக் குறைந்த ஒப்பந்தம் கூடாது என்று விதி செய்தால் என்ன? ஒரு முழுப் பயிற்சிக் காலமும் ஒரு முழுப் பருவமும் கிடைத்த பிறகு அவனை நிறுத்துப் பார்க்கட்டும்.

அழைப்பு வந்த வீட்டில் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. எத்தனை மாத ஒப்பந்தம்? அந்த ஊரில் பிள்ளை யார் வீட்டில் தங்குவான், யார் அவனைக் கவனிப்பார்? விட்டுப் போகும் படிப்பையோ வேலையையோ திரும்பி வந்தால் தொடர முடியுமா? குழு அவனை வளர்க்க அழைக்கிறதா, அல்லது காயம்பட்டவரின் இடத்தை நாலு மாதம் அடைத்துக்கொள்ள அழைக்கிறதா? இந்நான்குக்கும் தெளிவான பதில் கிடைத்தால் பிள்ளையை மனநிறைவோடு வாழ்த்தி அனுப்பலாம். கிடைக்காவிட்டால், "இன்னும் ஆறு மாதம் பொறு, ஆண்டு இறுதியிலும் ஒரு தேர்வு இருக்கிறது" என்று சொல்வதில் வெட்கமில்லை.

மேற்சொன்ன ஜெய் கல்லியை அதன்பின் மெல்பர்ன் குழு சேர்த்துக்கொண்டது. ஒருமுறை மூடிய கதவு மறுமுறை திறக்காது என்பதில்லை. அழைக்கப்பட்டவர்களைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதும். அழைப்பு வராதவர்களோ வழக்கம்போல வேலை முடிந்து, மாலையில் காலணியை மாட்டிக்கொண்டு திடலுக்குப் போவார்கள். அடுத்த ஆண்டு அழைக்கப்படப்போகிறவன் அவர்களுக்குள்ளேதான் இருக்கிறான். அவனை இன்றே கழித்துவிடாமலிருப்பது பெரியவர்களின் கடமை.