மென்பந்தாட்டமும் நம் பெண்பிள்ளைகளும்

"மாலை வேளையில் பெண்பிள்ளையைத் திடலுக்கு அனுப்பலாமா? கை கால் முறிந்தால் என்ன செய்வது? படிப்பு கெடாதா?" என்று பெற்றோர் சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. அந்த அச்சம் அன்பினால் எழுவது. அதனை நாங்கள் குறை கூறவில்லை. ஆகவே, மென்பந்தாட்டம் என்பது யாது, அதனைச் சிறுமியர்க்கு எவ்வாறு பயிற்றுவித்தல் வேண்டும் என்பவற்றை இங்கே விளக்க விரும்புகிறோம்.

சாப்ட்பால் எனப்படும் மென்பந்தாட்டம் 1887ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில், ஒரு கட்டடத்தின் உள்ளே விளையாட்டாகத் தொடங்கியது. குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைச் சுருட்டிக் கட்டியதே முதற்பந்து. துடைப்பக் கம்பே முதல் மட்டை! அந்த ஆட்டம் பின்னர் உலகெங்கும் பரவி, 1996இல் மகளிர்க்குரிய ஒலிம்பிக் விளையாட்டாயிற்று. 2021இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானிய மகளிர் இதில் தங்கம் வென்றனர். நம் சிங்கப்பூரிலும் பள்ளிகளுக்கிடையே இப்போட்டி நடைபெற்று வருகிறது.

ஓர் அணிக்கு ஒன்பது பேர். ஓர் ஆட்டத்திற்கு ஏழு சுற்றுகள். சதுரத்தின் நான்கு மூலைகளில் நான்கு தளங்கள் உள்ளன. பெரியவர்கள் ஆடும் திடலில் ஒரு தளத்திற்கும் அடுத்த தளத்திற்கும் இடையே 60 அடி. பந்தை அடித்தவர் மூன்று தளங்களையும் தொட்டு, புறப்பட்ட இடத்திற்கே திரும்பினால் ஓர் ஓட்டம் கிடைக்கும். கிரிக்கெட்டைப் போலன்றி, இங்கே பந்தைக் கையைக் கீழிருந்து வீசி எறிதல் வேண்டும். பெயரில் மென்மை இருப்பினும் பந்து கடினமானதே. ஆதலால் மட்டை பிடிப்பவர்க்குத் தலைக்கவசமும், பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்க்கு முகக்கவசமும் மார்புக்காப்பும் இன்றியமையாதவை. கவசமின்றி ஆடவிடாத பயிற்சியாளரே நல்ல பயிற்சியாளர்.

முதற்பாடம் பந்தை எறிதலும் பிடித்தலுமே. ஆண்பிள்ளைகள் நடக்கத் தொடங்கியவுடனே பந்தும் கையுமாகத் திரிகின்றனர். பெண்பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பு அரிதாகவே கிடைக்கிறது. ஒன்பது வயதில் பந்தைச் சரியாக எறிய இயலாத சிறுமியைக் கண்டு, "இவளுக்கு வராது" என்று முடிவு செய்தல் தவறு. அவளுக்கு இல்லாதது பழக்கமே அன்றித் திறமை அன்று. வலக்கையால் எறிபவள் இடக்காலை முன்வைத்து, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்கையைத் தோள் உயரத்திற்கு உயர்த்தி எறியக் கற்றால், சில வாரங்களில் பந்து நேராகச் செல்லும். பெரியவர்கள் ஆடும் பந்தின் சுற்றளவு 12 அங்குலம். சிறிய கைகளுக்கு 11 அங்குலப் பந்தே ஏற்றது. மட்டை பிடிக்கப் பழகும்போது, ஓடிவரும் பந்தை அடிக்கச் சொல்லாமல், இடுப்பளவு கம்பின்மேல் பந்தை அசையாது வைத்து அடிக்கச் செய்வது நலம்.

அடுத்து, ஒவ்வொரு சிறுமியும் எல்லா இடங்களிலும் நின்று ஆடுதல் வேண்டும். வலிமையுள்ளவளை எறிபவளாகவும், மெலிந்தவளை எல்லைக் காவலாகவும் தொடக்கத்திலேயே நிறுத்திவிட்டால் இருவரின் வளர்ச்சியும் தடைப்படும். மேலும், கீழிருந்து வீசுவதால் தோளுக்குத் தீங்கில்லை என்று முன்னர் பலர் எண்ணினர். அவ்வீச்சிலும் தோள் பெரும் சுமை தாங்குகிறது என்று மருத்துவ ஆய்வுகள் காட்டியுள்ளன. எனவே ஒரே சிறுமி நாள்தோறும் வீசுதல் ஆகாது. ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதியே.

எங்கள் பிழை ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறோம். முன்னொரு போட்டியில் எளிய பந்து ஒன்றைத் தவறவிட்ட மாணவியை எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டோம். அதன்பின் பந்து அவளை நோக்கி வரும்போதெல்லாம் அவள் கண்களை மூடிக்கொண்டாள். பந்துக்கு அன்று, எங்கள் குரலுக்கே அவள் அஞ்சினாள். அன்றிலிருந்து தவறு நேர்ந்தால், "அடுத்த பந்து" என்ற இரண்டு சொற்களை மட்டுமே கூறுகிறோம். அவள் கண்கள் மீண்டும் திறக்க ஒரு பருவம் முழுவதும் ஆயிற்று.

இத்தகைய பொறுமை பயன் தருமா? வேறொரு விளையாட்டிலிருந்து சான்று காட்டுவோம். 1973இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளில் குளோரி பர்னபாஸ் என்னும் ஆசிரியை 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அந்த ஓட்டத்தில் மீண்டும் தங்கம் பெற நாம் 42 ஆண்டுகள் காத்திருந்தோம். 2015இல் அதனை வென்றவர் 18 வயது சாந்தி பெரேரா. அதன்பின் காயங்களாலும் சோர்வாலும் அவர் பின்தங்கினார். எனினும் விலகிவிடவில்லை. 2023இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளில் 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். 1974க்குப் பின் அவ்விளையாட்டுகளின் திடல்தடப் பிரிவில் சிங்கப்பூர் பெற்ற முதல் தங்கம் அது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவரை, "இனி வராது" என்று எல்லாரும் கைவிட்டிருந்தால் அந்தப் பதக்கம் ஏது?

சிராங்கூன் சாலைக்கு அருகிலுள்ள ஃபேரர் பார்க் திடலைப் பெற்றோர் பலரும் அறிவர். குதிரைகள் ஓடிய அவ்விடம், 1933இல் பந்தயங்கள் புக்கிட் தீமாவுக்கு மாறிய பின், தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் ஓடியாடும் இடமாயிற்று. பணியிடங்களிலும் தோட்டங்களிலும் நாள் முழுதும் உழைத்துக் களைத்து வரும் பெற்றோரே! பதக்கத்திற்காக உங்கள் மகளை அனுப்புங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. வாரம் ஒருநாள், கால்மணி நேரம், அடுக்குமாடி வீட்டின் கீழே நின்று அவளோடு பந்தை எறிந்து பிடியுங்கள்; அது போதும். மாணவிகளே! பந்து தவறினால் தலை குனியாதீர்கள். அடுத்த பந்து வந்துகொண்டிருக்கிறது. கண்களைத் திறந்து வையுங்கள்.